குழைக்கட்டில் தேடிய குண்டு

பார்க்க மீனவன் மாதிரியே இருக்கிறவன் மீனவனாக இருக்கவே முடியாது என்று ஒரு முழுப் பகல் நான் நம்பியிருக்கிறேன். சும்மா வீட்டில் உட்கார்ந்து நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். சீருடை போட்டுக்கொண்டு, கையில் பைனாகுலரோடு, அரசாங்கப் படகில் நின்றுகொண்டு நம்பினேன்.

அப்போது நான் புதுச்சேரியில் கடலோரக் காவல் கான்ஸ்டபிள். முதலியார்பேட்டைக்காரன். எங்கள் வீட்டிலிருந்து கடல் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுண்டல் வாங்கித் தின்கிற இடம் என்பதற்கு மேல் அதைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. அப்பா ஆலைத் தொழிலாளி. நூல் தெரியும், வலை தெரியாது. நீச்சல் தேர்வில் நான் பாஸானதைத் தேர்வு வைத்தவர் இன்றைக்கும் ஒரு விபத்தாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

கடலோரக் காவல் என்றால் துப்பாக்கியோடு துரத்துகிற வேலை என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். (நானும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.) உண்மையில் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் பார்க்க வேண்டும், தடைசெய்த வலையைப் பிடிக்க வேண்டும், படகை நிறுத்திப் பதிவு எண்ணும் மீனவர் அட்டையும் பார்க்க வேண்டும், லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர்களிடம் அது தலையணை இல்லை என்று விளக்க வேண்டும்.

முதல் மாதம் முழுக்க வாந்தி எடுத்தேன். எங்கள் படகை ஓட்டியவர் லூயி அண்ணன். சொல்தா குடும்பம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சில் நடக்கும். என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "போவட்டும்பா, மீனுக்கும் பசிக்கும்" என்பார். இரண்டாவது மாதம் வாந்தி நின்றது. மூன்றாவது மாதம் வேறு ஒன்று ஆரம்பித்தது. அதற்கு இன்றுவரை மருந்து கிடைக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டுவோம். ஒரு மணி நேரம் போனதும் லூயி அண்ணன் எஞ்சினை அணைத்துவிடுவார். நான் அதுவரை கேட்டிராத ஒரு அமைதி அப்போது வந்து உட்காரும். திரும்பிப் பார்த்தால் ஊர் ஒரு கோடு. கோட்டின் மேல் கலங்கரை விளக்கம், மாதா கோயில் கோபுரம், அதற்குத் தள்ளி ஆலைப் புகைபோக்கி. அப்பா முப்பது வருஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே போன புகைபோக்கி அது. கையை நீட்டி அதை என் கட்டைவிரலால் மறைப்பேன். மறைக்கிற நேரமெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ லேசாகும். ஒருநாள் அப்பாவைக் கூட்டிவந்து இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். குடும்பத்தை ஏற்றக் கூடாது என்று விதி. எப்படியாவது ஒருநாள் என்று தள்ளிப் போட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒத்திகை வந்தது. வெளியூரிலிருந்து வருகிற வீரர்கள் தீவிரவாதி வேஷம் போட்டுக்கொண்டு, ஒரு பொம்மைக் குண்டோடு கடல் வழியாக ஊருக்குள் நுழையப் பார்ப்பார்கள். நாங்கள் பிடிக்க வேண்டும். முந்தின நாள் எஸ்.ஐ. எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசினார்.

"போன தடவ மீனவன் வேஷத்துல வந்து நம்மள ஏமாத்திட்டானுங்க. இந்தத் தடவ மீனவன் மாதிரி இருந்தா கூட சும்மா விடாதீங்க. எவன் படகு பக்கமா குண்டு உள்ள வருதோ, அவன் நாளையிலேருந்து டிராபிக் சிக்னல்ல நிப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தக் கோடும், கட்டைவிரலும், எஞ்சின் அணைந்த பிறகு வருகிற அமைதியும் ஒரே நேரத்தில் கண்முன்னே வந்து போயின. என்ன ஆனாலும் இந்தக் கடலை விடக் கூடாது என்று முடிவெடுத்தேன். அன்று முழுக்க யோசித்துக் கண்டுபிடித்ததுதான் முதல் வரியில் சொன்ன தத்துவம். வேஷம் போடுகிறவன் அச்சு அசலாகப் போடுவான். ஆகவே எவன் அச்சு அசல் மீனவனாக இருக்கிறானோ அவனே குற்றவாளி. (இதில் ஓட்டை எங்கே என்று என் மகள் பத்தாவது படிக்கும்போது அரை நிமிஷத்தில் கண்டுபிடித்தாள்.)

மறுநாள் காலை கரையிலிருந்து வெகுதூரத்தில் அந்த ஃபைபர் படகைப் பார்த்தேன். உள்ளே இரண்டு பேர். வெயிலில் காய்ந்த கறுப்பு, மங்கிப்போன கைலி, உப்புப் பூத்த முதுகு. ஒரு குறையும் சொல்ல முடியாத மீனவர்கள். அது போதாது என்று, படகு நிறையப் பச்சை இலைதழைகளைக் கட்டுக்கட்டாகக் கயிற்றில் கோத்து, ஒவ்வொன்றாகக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடுக்கடலில் எவனாவது தழை போடுவானா? உள்ளே எதையோ வைத்து மிதக்கவிடுகிறார்கள் என்று என் மூளை அடித்துச் சொன்னது.

"அது கோலாக் குழைதாம்பா" என்றார் லூயி அண்ணன். கோலா மீன் முட்டை இடத் தழையைத் தேடி வருமாம். அதற்காகவே குழை கட்டிப் போட்டுக் காத்திருந்து அள்ளுவார்களாம். கோலா வறுவலை முள்கூட விடாமல் தின்று வளர்ந்தவன் நான். அது எப்படித் தட்டுக்கு வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"நம்மள நம்ப வைக்கத்தாண்ணே குழையே" என்றேன்.

அவர் சுக்கானைப் பிடித்தார். "அலோர், அப்ப நீயே போய்ப் பாரு" என்று படகைத் திருப்பினார்.

படகில் இருந்த பெரியவர் வைத்திக்குப்பம் கலியமூர்த்தி. கூட இருந்தவர் அவருடைய மச்சான். நாங்கள் நெருங்க நெருங்க அவர் இரண்டு கையாலும் எட்டிப் போகச் சொல்லிச் சைகை காட்டினார். நான் அதை மிரட்டல் என்று குறித்துக்கொண்டேன்.

"சார், கிட்ட வராதீங்க சார். இப்பதான் மீனு கூடுது. எஞ்சின் சத்தத்துக்குக் கலைஞ்சிடும்."

"அட்டை எங்க?"

"வூட்டுல இருக்குது. அரிசிப் பானையில."

"கடலுக்கு வரும்போது அட்டையப் பானையில எதுக்கு வெக்கிற?"

"இங்க எடுத்தாந்தா நனையும் சார்."

இவ்வளவு நியாயமான பதிலைப் பயிற்சி பெற்றவன்தான் சொல்ல முடியும். குழைக்கட்டுகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்துப் பிரிக்கச் சொன்னேன். கலியமூர்த்தி கெஞ்சிப் பார்த்தார். அன்றைய மீன்பாடு முழுக்க அந்தத் தழைக்குள்தான் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் தழைக்குள் இருக்கிறது என்பது மட்டும் எனக்குக் கேட்டது. பதினொரு கட்டு பிரித்தோம். இலையில் நூல் நூலாக மீன்முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. (அது திரியாக இருக்குமோ என்று முகர்ந்து பார்த்தவன் நான்தான்.)

பன்னிரண்டாவது கட்டை இழுக்கும்போது ஏதோ ஒன்று சர்ரென்று வந்து என் நெஞ்சில் மோதியது. நான் படகுக்குள் குப்புற விழுந்து, மைக்கைப் பிடித்து, தாக்குதல் ஆரம்பமாகிவிட்டது, எனக்கு நெஞ்சில் பட்டுவிட்டது, என் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்று கரைக்குத் தகவல் கொடுத்தேன். லூயி அண்ணன் குனிந்து, என் வயிற்றுக்கடியில் சிறகை விரித்துத் துடித்துக்கொண்டிருந்த கோலா மீனை எடுத்து வாளியில் போட்டார். மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

இருந்தாலும் விடவில்லை. அட்டை இல்லை, ஆகவே விசாரணை என்று அவர்கள் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினோம். பிரித்துப்போட்ட குழை எங்களுக்குப் பின்னால் பச்சைப்பசேலென்று மிதந்தது. அதற்குமேல் கோலாக்கள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளிக்கொண்டிருந்தன. கலியமூர்த்தி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாதி வழியில் இன்னொரு படகு. எஞ்சின் செத்து, அலையில் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர் ஓரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாறி மாறி வாந்தி எடுத்தார்கள். என் முதல் மாதம் எனக்கு ஞாபகம் வந்தது. மனசு இளகிவிட்டது. பெங்களூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தார்களாம், டால்பின் பார்க்க ஆசைப்பட்டார்களாம், கடலுக்குப் போகிறோமே என்று கடையில் புதுக் கைலி வாங்கிக் கட்டினார்களாம். கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை நீட்டினார்கள். இது அல்லவா குடிமகன் என்று நினைத்தேன்.

பின்னால் இழுபட்டு வந்த படகிலிருந்து கலியமூர்த்தியின் குரல் வந்தது.

"சார், அந்தக் கைலியப் பாருங்க. மடிப்பே கலையல."

"யோவ், வேஷம் போடறவன் இவ்ளோ கேவலமாவா போடுவான்?" என்றேன்.

அவர்களை எங்கள் படகில் ஏற்றி, என் இடத்தில் உட்காரவைத்து, எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து, ஆளுக்கொரு வாய் தண்ணீர் கொடுத்தேன். படகுத்துறையில் இறங்கும்போது அவர்களால் நிற்கவே முடியவில்லை. அவர்களுடைய பையை நானே தோளில் மாட்டிக்கொண்டேன். நல்ல கனம்.

துறையில் எஸ்.ஐ.யும், ஒத்திகையைப் பார்வையிட வந்த அதிகாரியும் நின்றார்கள். இரண்டு பேரைப் பிடித்துவிட்டேன் சார் என்று கலியமூர்த்தியைக் காட்டி சல்யூட் அடித்தேன். பெங்களூர்க்காரர்களில் ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைவிட அழகாக அந்த அதிகாரிக்கு சல்யூட் அடித்தார். அதிகாரி என் தோளிலிருந்த பையை வாங்கித் திறந்தார். உள்ளே ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். மேல் தட்டில் 'வெடிகுண்டு - ஒத்திகைக்கு மட்டும்' என்று காகிதம் ஒட்டியிருந்தது.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபத்தில் ஒரு மனிதனின் தோள் அப்படிக் குலுங்கி நான் பார்த்ததே இல்லை. கலியமூர்த்தியின் மச்சான் தங்கள் படகிலிருந்து பிய்ந்துபோன கயிற்றை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி என்னிடம் வந்து, "நாங்க போலாமா சார்?" என்று கேட்டார். அதில் கிண்டல் இருந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் தலையில் சிவப்புக் கெப்பித் தொப்பியோடு சிக்னலில் நின்றேன். இன்றும் அங்கேதான். தெருமுனையில் ஒரு முழம் கடல் தெரியும். மத்தியானம் காற்று திரும்பி உப்பு வாசனை வந்தால், பச்சை விளக்கு விழுந்தது கூடத் தெரியாமல் நின்றுவிடுவேன்; பின்னால் ஹாரன் அடிப்பார்கள். திரும்பவும் கடலுக்கு அனுப்பச் சொல்லி மூன்று தடவை எழுதிப் போட்டேன். வயசைக் காரணம் காட்டித் திருப்பிவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். புகைபோக்கியை அவர் கடைசிவரை கீழே இருந்துதான் பார்த்தார்.

வீட்டில் இந்தக் கதை இன்னும் ஓடுகிறது. கடைக்குப் போய்விட்டு வந்தால் என் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "பை யாருது? நம்முளுதுதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவாள். கோலா சீசனில் கலியமூர்த்தி மீன் பெட்டியோடு மொபெட்டில் சிக்னலில் நிற்பார். நான் கேட்காமலேயே மடியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டுவார். விளக்கு மாறுவதற்குள் நாலு மீனைக் காகிதத்தில் சுற்றி என் கையில் திணித்துவிட்டுப் போவார். அதை வறுத்துத் தட்டில் வைக்கும்போது மகள், "அப்பாவக் கடல்ல இருந்து தூக்கின மீன் இதுதான்" என்பாள். எஸ்.ஐ. என்னைத் தண்டனையாகத் தூக்கியடித்தார் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கதைக்கும் அதுதான் நன்றாக இருக்கிறது.

போன வருஷம் ஓய்வுபெற்ற லூயி அண்ணன் சிவப்பு விளக்கில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னோடு பேசினார். எனக்கு அடுத்து நடந்த ஒத்திகையில் இரண்டு குண்டு உள்ளே வந்ததாம். ஒருத்தரையும் மாற்றவில்லையாம். "அன்னிக்கு அந்த மனுசன் தொப்பிக்குள்ள வுழுந்து வுழுந்து சிரிச்சாருப்பா. ஒன் எடத்த ரெண்டு மாசம் காலியாவே வெச்சிருந்தாரு" என்றார். விளக்கு மாறியது. போய்விட்டார்.

என்னை யாரும் மாற்றவில்லை. அன்று சாயங்காலம், எஸ்.ஐ. கூப்பிடுவதற்கு முன்பே, அவர் வாயால் சிக்னல் என்று கேட்க வேண்டிவருமே என்ற பயத்தில் நானே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, டிராபிக்குக்கு மாற்றல் வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.