செக் வீட்டு வாத்தும் குணசேகரத்தின் திட்டமும்

இன்றைக்கு வாத்து சாப்பிட்டே தீர்வது என்று குணசேகரம் முடிவெடுத்தார்.

நீரிழிவு வந்த நாள் முதல் அவருடைய தட்டில் குரக்கன் புட்டும் பாவற்காயும்தான் குடித்தனம் நடத்தின. காவலுக்கு மனைவி குமுதினி. இப்போது ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அவர்களுடைய மேல்மாடிக்குக் குடிவந்த செக் நாட்டுத் தம்பதி, பாவெலும் லென்காவும், விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

செக் நாட்டுக்குப் போகும் பயணிகளுக்காக எழுதிய குறிப்புகளையெல்லாம் குணசேகரம் இணையத்தில் வாசித்தார். தமக்குப் பிடித்ததை மட்டும் மனைவிக்குச் சொன்னார்.

“இஞ்சை பாரும். செக் வீட்டில தட்டு வெறுமையானால் திரும்பவும் போடுவினம். வேண்டாமெண்டால் மனம் நொந்துபோவினம். அது அவையின்ர வழக்கம்.”

“ஓமப்பா. வழக்கமெண்டால் மதிக்கத்தானே வேணும்.”

இவ்வளவு லேசாக வென்றதில் அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். விருந்தாளிகளுக்கென்றே வைத்திருந்த வீட்டுச் செருப்புகளை லென்கா கொடுத்தார். மேசையில் முழு வாத்து பொன்னிறமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் அவித்து வெட்டிய மாவுருளைகள், புளிக்கவைத்த முட்டைக்கோவா. வாத்தின் கால் தம்மை நோக்கியே நீட்டியிருப்பதாகக் குணசேகரத்துக்குப் பட்டது.

அப்போது குமுதினி ஜெர்மன் மொழியில் வாய் திறந்தார்.

“எங்களிடமும் ஒரு வழக்கம் இருக்கிறது. முதன்முதலாக விருந்துக்குப் போகும் வீட்டில் ஆண்தான் பரிமாற வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகே அவர் உட்காருவார்.”

லென்கா பதறிப்போனார். விருந்தாளியைக் கரண்டி தொட விடுவதா? ஆனால் வழக்கம் என்று சொன்ன பிறகு என்ன செய்வது? தன் ஏப்ரனை அவிழ்த்து குணசேகரத்துக்குக் கட்டிவிட்டார்.

“எந்த ஊர் வழக்கமப்பா இது?” குணசேகரம் தமிழில் பல்லைக் கடித்தார்.

“மெல்லக் கதையுங்கோ. அவை மனம் நொந்துபோவினம்.”

தட்டு வெறுமையானால் திரும்பவும் போடுவது செக் வழக்கம். போட்டவர் குணசேகரம். கடைசியில் அவர் உட்கார்ந்தபோது முட்டைக்கோவா மட்டும்தான் மிச்சமிருந்தது.

உட்கார்ந்தபடியே சாப்பிட்டு முடித்த லென்காவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அதைக் கவனித்த பாவெல், குணசேகரத்தின் காதருகே குனிந்து கேட்டார்:

“இந்த வழக்கம் மற்ற நாடுகளுக்குப் பரவாதே?”

படியிறங்கும்போது குணசேகரம் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

“சரி, முதல் தரம் முடிஞ்சுது. அடுத்த தரம் நான் கதிரையில இருந்து சாப்பிடுவன்.”

“அடுத்த ஞாயிறும் வரச்சொல்லியிருக்கினம்,” என்றார் குமுதினி. “ரெண்டாம் தரம் போனால் ஆம்பிளைதான் சமைக்கிறதெண்டு சொல்லிப்போட்டன்.”