வியாழக்கிழமை வெளிக்கிட்ட மணவறை

நிபந்தனைகளைப் படிக்காமல் 'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் போடுகிறவர்கள் இந்த உலகத்தில் நிம்மதியாக வாழ்கிறார்கள். நான் கடைசி வரி வரை படிக்கிறவன். அதனால்தான் என் தங்கை ஒற்றை யானைக்கும் ஒரு குவியல் பலூனுக்கும் நடுவில் இருந்து தாலி கட்டிக்கொண்டாள்.

தங்கைக்குப் பாரிஸில் கல்யாணம். என் கல்யாணத்தில் தோழியாக நின்றபோதே மணவறையைத் தடவித் தடவிப் பார்த்து, "அண்ணா, எனக்கும் இதேதான் வேணும்" என்றவள். எட்டுத் தூண், பொன்னிறப் பின்பலகை, இரண்டு பக்கமும் தும்பிக்கை தூக்கிய யானைகள். அது லண்டனில் மிட்சம் என்ற இடத்தில் என் சிநேகிதன் ஒருவனிடம் இருந்தது. கடைகளுக்கு மரக்கறி இறக்குகிற வெள்ளை வான் என்னிடம் இருந்தது. "உன்ர மணவறை என்ர பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். (வாய் இருந்தால் சும்மா இருக்குமா?)

வானுக்கு வயது பதினொன்று. ஐரோப்பாவில் வழியில் நின்றுவிட்டால் வந்து காப்பாற்ற ஒரு பிரேக்டவுன் கவர் வேண்டும். இரண்டு கிழமை ஆராய்ச்சி செய்தேன். ஒரு நிறுவனம் பத்து வயதுக்கு மேற்பட்ட வானைத் தொடாது. இன்னொன்று உயரம் கேட்டது. மழையில் ஏணி வைத்து, மனைவியின் தையல் டேப்பால் கூரையை அளந்தேன். மற்றொன்று ஆட்களை ஏற்றிப் போகுமாம், சாமானைத் தெருவில் விட்டுவிடுமாம். கடைசியில் வான், ஆட்கள், சாமான் மூன்றையும் போகிற இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதில் ஒரு நிபந்தனை: பயணம் தொடங்குவதற்கு முன்பே காப்புறுதி தொடங்கியிருக்க வேண்டும். வீட்டை விட்டுப் புறப்பட்ட பிறகு தொடங்குகிற காப்புறுதி செல்லாது.

சாப்பாட்டு மேசையில் இதை உரத்து வாசித்து, "பாத்தீரே, எத்தினை பேர் இதில விழுவாங்கள்!" என்றேன்.

"முதல் வான் ஓடுமோ எண்டு பாருங்கோ" என்றாள் மனைவி.

சனிக்கிழமை கல்யாணம், வெள்ளி காலையில் பயணம். காப்புறுதியை வெள்ளி பிறந்த நிமிடத்திலிருந்து எடுத்தேன். மனைவியும் பிள்ளைகளும் ரயிலில் வருவதாக ஏற்பாடு. வானில் நானும் பெரியம்மாவும் மட்டும். பெரியம்மா பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"வெள்ளி அட்டமி. அண்டைக்கு வெளிக்கிடேலாது."

"வெள்ளி போகாட்டி கலியாணத்துக்குப் போகேலாது, பெரியம்மா."

"ஆர் போகவேண்டாமெண்டது? வியாழன் பின்னேரம் நல்ல நேரம். அப்ப வெளிக்கிடு. வெள்ளி போ."

எங்கள் ஆட்களுக்கு இது புரியும். நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரத்தில் வாசலைத் தாண்டி ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். அதுதான் வெளிக்கிடுதல்; மறுநாள் போவது அதன் தொடர்ச்சி. அட்டமிக்கு அதில் வேலையில்லை. ஆகவே வியாழன் பின்னேரம் தேங்காய் உடைத்து, நாலு டயருக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, மணவறையோடு பக்கத்து ஊரான தோர்ண்டன் ஹீத் வரை ஓடி, ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில் வானை நிறுத்தினேன். பிறகு இருவரும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்து படுத்தோம். படுக்கப் போகுமுன் பெரியம்மா கட்டளை போட்டார்.

"ஆர் கேட்டாலும் வியாழன் வெளிக்கிட்டது எண்டுதான் சொல்லோணும். வெள்ளி எண்டு வாயில வந்தால் செய்ததெல்லாம் பிழைச்சுப்போகும். பிள்ளையின்ர வாழ்க்கை, தம்பி."

வெள்ளி காலை மறுபடியும் பஸ் ஏறிப் போய் வானை எடுத்தோம். கப்பலில் பிரான்ஸ் போய், கலே துறைமுகம் தாண்டி ஒரு மணித்தியாலம். வான் இரண்டு தரம் இருமியது, பிறகு மூச்சை விட்டது. நெடுஞ்சாலை இழுவை வண்டி வந்து எங்களைப் பக்கத்து ஊர்க் கராஜில் இறக்கிவிட்டுப் போனது. ஆறு மணிக்குப் பூட்டினால் இனித் திங்கட்கிழமைதான் என்றார் கராஜ்காரர். நான் பதறவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டு கிழமை ஆராய்ச்சிக்குப் பலன் கிடைக்கப்போகிறதல்லவா? போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

ஒரு பெண் மிக அன்பாகப் பேசினார். வானும் சாமானும் இன்றிரவே பாரிஸ் போய்விடும் என்றார். "கடைசியாக ஒரு கேள்வி. வீட்டை விட்டு எப்போது புறப்பட்டீர்கள்?"

பெரியம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். விரலைத் தூக்கினார்.

"வியாழக்கிழமை" என்றேன்.

நான் மேசையில் வாசித்துக் காட்டிய அந்த நிபந்தனை என் கண்முன்னே வரி வரியாக ஓடியது.

"உங்கள் காப்புறுதி வெள்ளியிலிருந்துதானே?"

"வியாழன் வெளிக்கிட்டோம். ஆனால் போகவில்லை."

"வான் எங்கே நின்றது?"

"தோர்ண்டன் ஹீத்தில்."

"நீங்கள்?"

"பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டோம்."

"அப்படியானால் பயணத்தை ரத்துச் செய்தீர்களா?"

"இல்லை, இல்லை! பயணம் தொடங்கிவிட்டது!" என்று நானே சத்தமாக, தெளிவாக, ஒலிப்பதிவாகும் போனில் சொன்னேன். (இப்படி ஒரு விசரனை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?) விஷயத்தை முடிவெடுக்கும் பிரிவுக்கு அனுப்புவதாகவும், அவர்கள் திங்கட்கிழமை பேசுவார்கள் என்றும் சொல்லி அந்தப் பெண் வாழ்த்துக் கூறி வைத்தார்.

ஆறு மணிக்குக் கராஜின் இரும்புக் கதவு மூடிவிடும். தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்தேன். மாப்பிள்ளையின் தமையன் கதவு மூடுமுன்னே பாரிஸிலிருந்து சின்னக் கார் ஒன்றில் வந்து எங்களை ஏற்றினார். தூண்கள் ஏறவில்லை. பின்பலகை ஏறவில்லை. நான் எவ்வளவோ மன்றாடிய பிறகு, ஒரு யானையை மட்டும் என் மடியில் ஏற்றினார். பாரிஸ் வரை தும்பிக்கை என் மூக்கை இடித்துக்கொண்டே வந்தது. பெரியம்மா முன்சீட்டில் இருந்து, "நல்ல காலம், வியாழன் வெளிக்கிட்டபடியால் உயிருக்கு ஒண்டுமில்லை" என்றார்.

மண்டபத்தில் முதல் நாள் யாரோ ஒருவரின் குழந்தைக்கு ஒரு வயசு கொண்டாடியிருந்தார்கள். ரோஸ் பலூன் வளைவு கழற்றப்படாமல் நின்றது. வேறு வழியில்லை. அதற்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு, பக்கத்தில் என் யானையை வைத்தோம். வளைவின் உச்சியில் இருந்த ஆளுயர '1' பலூனை இறக்க ஏணி கிடைக்கவில்லை. தங்கை வந்து பார்த்தாள். மற்ற யானை எங்கே என்று மட்டும் கேட்டாள். நான் குனிந்து இந்த யானையின் தும்பிக்கையைத் துடைத்தேன். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். நேரே போய்க் கதிரையில் இருந்தாள்.

திங்கள் காலை போன் வந்தது. பக்கத்து ஊரில் வானை நிறுத்திவிட்டுத் திரும்பியதைப் பயணமாகக் கொள்ள முடியாதாம். என் காப்புறுதி முழுவதும் செல்லுமாம். செவ்வாய்க்கிழமை எட்டுத் தூணும் ஒரு யானையும் மிகப் பத்திரமாக, வெறும் மண்டபத்து வாசலில் வந்து இறங்கின.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எது பிந்தினாலும் ஒரே பதில்தான். சோறு வெந்துவிட்டதா? "வியாழக்கிழமையே வெளிக்கிட்டிட்டுது." பார்சல் வந்துவிட்டதா? "வியாழக்கிழமையே வெளிக்கிட்டிட்டுது." எல்லோரும் சிரிப்பார்கள். தங்கை மட்டும் சிரித்ததில்லை. போனில் என் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பாள், வைத்துவிடுவாள்.

போன வருடம் அவளுக்குப் பிள்ளைப்பேறு. நோவு தொடங்கிவிட்டதென்று சேதி வந்ததும் வானை எடுத்துக்கொண்டு ஓடினேன். டோவரில் கப்பலுக்கு நிற்கும் வரிசை அசையவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளே போன் எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணா, எங்க நிக்கிறீங்கள்?"

"வந்துகொண்டிருக்கிறன், பிள்ளை."

"எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"வியாழக்கிழமை" என்றேன்.

அன்று செவ்வாய். நோவுக்கு நடுவில் அவள் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் நின்ற தாதி என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாராம்.