காகத்துக்கு எல்லாம் தெரியும்

"பிள்ளையள், அங்கிளின்ட தலைமயிர் கறுப்பில்ல. சனிக்கிழமை சனிக்கிழமை டை அடிக்கிறவர்," என்றது காகம்.

கொட்டாஞ்சேனை மாதா கோயில் மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. திரைக்கு முன்னால் மைக்கோடு நின்ற டெரிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வசனம் கதையிலேயே இல்லை.

கையில் மாட்டி ஆட்டும் பொம்மைகளோடு வாய்காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. திரைக்குப் பின்னாலிருந்து கோழியை ஆட்டுபவள் அவன் மனைவி எவ்லின். காகம், போன மாதம் வத்தளையிலிருந்து வந்து சேர்ந்த றொஹானுடையது. வடிவான பெடியன். காகத்துக்கென்று கட்டுகிற கரகரத்த குரலில் ஆளையே அடையாளம் தெரியாது.

டை விஷயம் எவ்லினைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அப்படியென்றால் றொஹானுக்கு யார் சொன்னது?

"காகம் களைச்சுப்போச்சு. கோழியக்கா, நீங்க ஒரு பாட்டுப் பாடுங்கோ," என்று டெரிக் கதையை மாற்றினான்.

"பாட்டெண்டா அங்கிள்தான். நித்திரையில நல்லாப் பாடுவார்," என்ற காகம், குறட்டை விட்டும் காட்டியது. முடிவில் வருகிற அந்தச் சின்ன விசில்கூடத் தப்பவில்லை.

டெரிக்கின் காது சுட்டது. விசில் வரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்து பழக்கியிருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த டொபிப் பையில் கிடந்த றப்பர் பாண்டை எடுத்துக் காகத்தின் சொண்டில் மாட்டினான். காகம் கோழியின் தோளில் சாய்ந்து குசுகுசுத்தது. கோழி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"என்ன சொன்னது? சொல்லுங்கோ," என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"கரப்பொத்தானைக் கண்டா அங்கிள் கட்டில்ல ஏறி நிண்டு கத்துவாராம்," என்றது கோழி.

முன்வரிசையில் இருந்த சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். டெரிக் எட்டிக் காகத்தின் சொண்டைப் பிடித்து ஒரே நசுக்காக நசுக்கினான்.

"ஆ," என்றது கோழி.

அவனை நசுக்கினால் இவளுக்கு நோகிறதா? டெரிக்குக்குக் கண் இருண்டது. இனி என்ன பகிடி, என்ன ஷோ. மைக்கை நிலத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் திரையைப் பிடித்தான்.

"டேய், வெளிய வாடா."

இதுவும் கதையில் உள்ளதென்று பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த நேரம் மண்டபத்தின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு, வியர்த்து வழிய, ஹெல்மெட்டும் கழற்றாமல் றொஹான் ஓடிவந்தான்.

"சொறி அண்ணே, பேலியகொடயில பைக் நிண்டுட்டுது. காகத்தையும் நீங்களே ஆட்டுங்கோ எண்டு எவ்லின் அக்காவிட்ட அப்பவே போன் பண்ணிச் சொன்னனான்."