பலகையில் பச்சை

ஒல்ஜாஸின் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். அன்று மதியம் அவள் காலில் கயிறு கட்டி வெட்டும் விழா. உறவெல்லாம் கூடி ஆட்டுக்கறி தின்னப் போகிறது. அப்பன்காரனோ பால் ஆலையின் நிலவறையில், கணினிகளுக்கு நடுவே மண்டியிட்டிருந்தான்.

காலையில் புது இயங்குதளத்தை ஏற்றியதுதான் அவன் செய்த பாவம். குளிர்கிடங்கின் வெப்பத்தைக் காட்டும் மாடிப் பலகை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. பச்சை வராமல் வாசலைத் தாண்டக்கூடாது என்று முதலாளி மராத் கறாராகச் சொல்லிவிட்டார்.

வெப்பத்தை அளக்கும் நிரலை, யாரோ அந்நியன் என்று புது இயங்குதளம் உள்ளே விடவில்லை. ஒல்ஜாஸ் அதற்கு அனுமதி கொடுத்து ஓடவிட்டு, மாடிக்குப் போன் போட்டான். பலகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள் கணக்குப் பிரிவு ரௌஷன்.

"அக்கா, என்ன நிறம்?"

"பச்சைடா, பச்சை!" போனைப் போட்டுவிட்டு அவள் முதலாளி அறைக்கு ஓடுவது கேட்டது. "சுயின்ஷி! சுயின்ஷி!"

நல்ல செய்தி கொண்டுவந்தவர் சுயின்ஷி கேட்டால், கையில் கிடைத்ததைக் கொடுத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் வந்த நல்லது திரும்பிப் போய்விடும். மகா கஞ்சரான மராத், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சாக்லேட் பெட்டியை நீட்டினார்.

ஒல்ஜாஸ் கோட்டை மாட்டுவதற்குள் போன் அலறியது.

"போச்சுடா! மறுபடி சிவப்பு!"

"இங்க எல்லாம் சரியாத்தானே காட்டுது?"

"அங்க காட்டி என்ன பண்றது? இங்க சிவப்பு!"

மேலே போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் முதலாளி கண்ணில் படுவதைவிடக் கணினிக்குள் தலையை விடுவது மேல். எச்சரிக்கை நிரலை அழித்துப் புதிதாகப் போட்டான். ஆலை முழுக்க அபாய மணி அடித்தது. தயிர்ப் பிரிவுப் பெண்கள் கையில் கரண்டியோடு முற்றத்துக்கு ஓடினார்கள். ஒருவழியாக மணியை அடக்கினான்.

"பச்சை! சுயின்ஷி!"

முதலாளி தன் மனைவிக்கென்று வாங்கி வைத்திருந்த பட்டுச் சால்வை போயிற்று.

"தம்பி... சிவப்புடா!"

பழைய நிரலை அடியோடு பிடுங்கினான். அதோடு வாசல் கேட்டின் கட்டுப்பாடும் பிடுங்கிக்கொண்டு வந்தது. கேட் திறக்காமல் பால் லாரிகள் தெருவை அடைத்து ஹாரன் அடித்தன. நடுவில் அவன் மனைவி ஜனாரின் போன்.

"உன் பொண்ணு கயித்தைத் தானே அவுத்துட்டு ஓடுறா! நீ வர்றியா, இல்ல வேற அப்பனைப் பாக்கவா?"

அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. முதல் பச்சைக்கு அப்புறம் செய்ததையெல்லாம் கலைத்து, அப்போது இருந்ததுபோலவே திரும்ப வைத்தான். கேட் திறந்தது.

"பச்சைடா! சுயின்ஷி!"

இந்தத் தடவை முதலாளி அறைச் சுவரில் தொங்கிய கம்பளமே இறங்கியது.

ஒல்ஜாஸ் வெளியே பாய்ந்தான். அவன் காருக்குப் பக்கத்தில் ரௌஷன், தோளில் கம்பளச் சுருள், கையில் சால்வையும் சாக்லேட்டுமாக நின்றிருந்தாள்.

"அக்கா, இங்க என்ன பண்றீங்க? பலகை மறுபடி சிவப்பாயிட்டா?"

"அது முதல் தடவையே பச்சையாயிடுச்சுடா. நீ இன்னைக்குக் காலையில வந்து விருந்துக்குக் கூப்பிட்டா, நான் வெறுங்கையோட எப்படி வர்றது?"