மிஸ்டர் கற்ற மூன்றாவது தமிழ்ச் சொல்

2009, வைகாசி: வன்னியிலிருந்த என் தம்பி இறந்த செய்தி கிடைத்தது.
2009, ஆவணி: சுவிஸ் நாட்டு வின்டர்தூரில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு இத்தாலியர் ஒருவர் பயிற்றுவிப்பாளரானார்.
2012, ஆடி: தம்பியின் நினைவுக் கிண்ண இறுதியாட்டம். கழகம் 1–2 எனத் தோற்றது. தோல்விக்குக் காரணம்: பயிற்றுவிப்பாளர்.
2012, கார்த்திகை: பயிற்றுவிப்பாளர் காலமானார்.

கழகச் செயலாளர் என்ற முறையில் நான் பதிந்தவை இவ்வளவே.

கோல் அடிப்பதை ஒழுக்கக்கேடாகக் கருதிய பயிற்றுவிப்பாளர் இப்பூவுலகில் அவர் ஒருவரே. இத்தாலியர் பயிற்றுவிப்பாளரை 'மிஸ்டர்' என்றே அழைப்பார்கள். எங்களுக்கும் அவர் மிஸ்டர்தான். அவருக்கு வேறு பெயர் இருந்ததை மரண அறிவித்தலில்தான் பலர் கண்டனர்.

இளமையில் வட இத்தாலியச் சிற்றூர் ஒன்றின் அணியில் அவர் பின்கள வீரர். ஆடிய காலம் முழுவதும் அடித்தது ஒரேயொரு கோல். அதுவும் சொந்தக் கம்பங்களுக்குள். பிறகு வின்டர்தூருக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்து, மாலைகளில் இத்தாலியத் தொழிலாளர் அணியைப் பயிற்றினார். அவர்கள் வசதியானதும் ஸ்பானியர், அவர்களுக்குப் பின் போர்த்துக்கீசர், கடைசியில் நாங்கள். ஊருக்குப் புதிதாக வந்து தோற்கக் காத்திருந்த எல்லோரும் அவருடைய ஆட்கள்.

வந்தவுடன் பந்தைப் பூட்டிவைத்துவிட்டு, ஒரு மாதம் முழுக்க வெறுமனே நிற்கப் பழக்கினார். உணவக வேலை முடித்துக் களைத்து வந்த எங்கள் முன்கள வீரன் ரூபன் என்னிடம், "நிக்கிறதெண்டா நான் பஸ் தரிப்பிடத்திலயே நிண்டிருப்பன், சேர்" என்றான். மிஸ்டர் தமிழில் கற்றவை இரண்டே சொற்கள்: 'பின்னுக்கு', 'பொறு'. மூன்றாண்டுகள் அவற்றைக் கொண்டே எங்களை ஆண்டார். எங்கள் ஆட்டம் நடக்கும்போதுதான் மைதானத்தின் கொத்துரொட்டிக் கடையில் வரிசை நீளும். போனவர் எவரும் எதையும் தவறவிட்டதில்லை.

ஒருமுறை ரூபன் கட்டளையை மீறிக் கோல் அடித்துவிட்டான். மிஸ்டர் எதிரணிப் பயிற்றுவிப்பாளரிடம் சென்று, தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார்.

ஆனாலும் பூச்சியத்துக்குப் பூச்சியமாகவே ஆடி, பெனால்டிகளில் வென்று, தம்பியின் கிண்ணத்தில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டோம். பெனால்டி அடிக்கும்போது மிஸ்டர் திரும்பி நின்று தோடம்பழம் உரிப்பார்.

அக்கிண்ணத்தை வழங்கியவன் நான். அது எங்கள் கழகத்திலேயே இருக்கவேண்டும் என்பது என் விருப்பம். அவனுடையது என்று வைத்துக்கொள்ள என்னிடம் வேறொன்றும் இல்லை. கோப்பி குடித்தபடி இதை மிஸ்டரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: தம்பி எந்த இடத்தில் ஆடியவன்? சென்டர் ஃபோர்வேட் என்றேன். பின்னுக்கு ஓடியதே இல்லை என்றும் சொன்னேன். மிஸ்டர் முகம் சுளித்தார்.

இறுதியாட்டத்தில் பத்து நிமிடம் மீதி. பூச்சியத்துக்குப் பூச்சியம். பெனால்டி என்றால் கிண்ணம் எங்களுக்கே. அப்போது மிஸ்டர் எழுந்து கத்தினார்:

"முன்னுக்கு!"

ரூபன் நம்பாமல் என்னைப் பார்த்தான். மிஸ்டர் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு மீண்டும் கத்தினார். கோல்காப்பாளர் உட்படப் பதினொருவரும் ஓடினார்கள். ரூபன் கோல் அடித்தான். இனியாவது 'பின்னுக்கு' வரும் என்று காத்திருந்தேன். மறுபடியும் 'முன்னுக்கு' என்றே வந்தது. வெறுமையாய்க் கிடந்த எங்கள் கம்பங்களுக்குள் அடுத்தடுத்து இரண்டு கோல்கள் உருண்டன.

ஏன் என்று நான் கேட்கவில்லை. வெறுந்தலையுடன் போனவரை அழைக்கவுமில்லை. நான்கு மாதங்கள் அவருடன் பேசவில்லை. அதன்பின் அவர் இல்லை.

சவச்சாலை வாசலில் ரூபன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"பைனலுக்கு முதல் கிழமை என்னட்டைத்தான் அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகினவர், சேர். என்னத்துக்கெண்டு கேட்டன். முன்னுக்கு நிண்டவன்ர கிண்ணத்தைப் பின்னுக்கு நிண்டு வெல்லக்கூடாது எண்டவர்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பைனலுக்குப் பிறகு நீங்கள் என்னோடயும் கதைக்கேல்லையே, சேர்."

செய்யாமல் விட்டவை:

அன்று மிஸ்டர் எறிந்துவிட்டுப் போன, நான் அலுமாரியில் பூட்டிவைத்திருக்கும் தொப்பியை அவருடைய மகளிடம் ஒப்படைப்பது.

கழகப் பதிவேட்டில் 'தோல்விக்குக் காரணம்: பயிற்றுவிப்பாளர்' என்று நான் எழுதியதை வெட்டுவது.

ரூபன் அடித்த கோலுக்குக் கைதட்டுவது.

மிஸ்டருக்கு நான்காவதாக 'நன்றி' என்ற சொல்லைக் கற்றுக்கொடுப்பது. முதலில் நானே அவருக்குச் சொல்லிக்காட்டி.