மீதி வைக்காத எண்

கொல்லங்கோடு

மதிப்பிற்குரிய ஆனைக்கரை மச்சான் ஈஸ்வரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கற்பகத்தின் வீட்டுக்காரன் பூபதிராஜா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நெல்லும் நாங்களும் நலம். அங்கே ஏலக்காய்க்கும் தங்களுக்கும் மழை அளவாகப் பெய்யட்டும்.

தாங்கள் பார்த்து அனுப்பிய வேலந்தாவளத்து மாப்பிள்ளை பிரதீப், தாயார் ராசம்மாளோடு வந்து எங்கள் மௌனிகாவைப் பார்த்துப் போனார். இருவரையும் தனியாகப் பேசட்டும் என்று தோப்புப் பக்கம் அனுப்பினோம். நம்ம பிள்ளைதான் கணக்கில் எம்.எஸ்ஸி. ஆயிற்றே, எண்களைப் பற்றியே பேசியிருக்கிறாள். கிளம்பும்போது அவர் கூச்சத்தோடு, "உங்க நம்பர் எதுங்க?" என்று கேட்க, இவள் தனக்குப் பிடித்த எண்ணைக் கேட்கிறார் என்று நினைத்து 3816547290 என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் ராசம்மாள் எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க, புடிக்கலீன்னா நேரா சொல்லோணுமுங்க. இல்லாத நம்பரைக் குடுக்கறதுங்களா? நிலவில் இல்லைன்னு மலையாளத்துல ஒருத்தி சொல்றா. நான் நிலாவுலயா தேடறேன்? கொல்லங்கோட்டுலதானுங்க தேடறேன்." இந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்பதைத்தான் போன் கம்பெனிக் குரல் மலையாளத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறது.

மௌனிகாவைக் கேட்டால், "நான் எங்கீங்கப்பா போன் நம்பர் குடுத்தேன்?" என்று என்னையே கேட்கிறாள்.

நல்ல சம்பந்தம் கை நழுவுகிறதே என்று பஸ் பிடித்து வேலந்தாவளம் போனேன். அன்று மாட்டுச்சந்தை. ராசம்மாள் ஓர் எருமையின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். மௌனிகா சொல்லிக்கொடுத்ததை அங்கேயே ஒப்பித்தேன்: பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றும் ஒரே தடவை வரும், முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் மீதியின்றி வகுபடும், முதல் மூன்று 381, மூன்றால், 3816 நான்கால், இப்படியே பத்து வரை, இந்தக் குணமுள்ள எண் வேறு கிடையாது.

"ஏழுல போகாதுங்க. ஏழு அத்தனை லேசுல எதுலயும் போகாது" என்றார் ராசம்மாள்.

தரகர்கள் வேறு கூடிவிட்டார்கள். எனக்கு வேர்த்துவிட்டது மச்சான். போனை நீட்டினேன். அவரே 3816547 போட்டு ஏழால் வகுத்தார். 545221, மீதியில்லை. அப்புறம் எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டே இருந்தார். எருமைக்காரர் விலை சொல்லிச் சொல்லி அலுத்து, எருமையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். பத்தும் முடிந்ததும் ராசம்மாள் நிமிர்ந்தார்.

"ஒண்ணுலிருந்து பத்து வரைக்கும் பங்கு வெச்சும் மீதியே இல்லீங்களே. இதுமேல ஆசைப்படற புள்ளை குடும்பத்துக்கு ஆவுமுங்க. நாள் பாருங்க."

ஆகவே மச்சான், வரும் முகூர்த்தத்தில் நிச்சயம். தாங்கள்தான் முன்நின்று நடத்த வேண்டும். அக்காவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. தங்கள் தோட்டம் குலைகுலையாய்க் காய்க்கட்டும்.

இப்படிக்கு,
பூபதிராஜா

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மௌனிகா வாங்கி வாசித்தாள். "எல்லாரும் நம்பரைக் கேட்டுச் சம்மதிச்சீங்க. என்னை ஆருங்கப்பா கேட்டீங்க?" என்கிறாள். திருச்சூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதாம். முடிகிற வரை கல்யாணப் பேச்சே கூடாதாம். மாப்பிள்ளையிடம் அவளே பேசிவிட்டாளாம், அவரும் காத்திருக்கிறேன் என்றாராம். எனவே நிச்சயத்துக்கு வர வேண்டாம். ஆனால் உடனே கிளம்பி வாருங்கள். ராசம்மாளிடம் இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.