குதிரையை விற்று மாடு வாங்கிய வீரன்

மத்திகிரி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுவாதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தண்ணீர் மோட்டார் மூவரும் நலம். அங்கே பெங்களூரில் நீயும் உன் ஹாஸ்டல் சாப்பாடும் நலமா என்று அறிய ஆவல்.

நீ அனுப்பிய கேம் பெட்டியை டிவியில் மாட்டிப் பதினோரு நாள் ஆகிறது. உங்கள் கம்பெனியில் வருகிற திங்கட்கிழமை மீட்டிங் என்றாய். நீங்கள் செய்த போர் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு இருப்பது போலவே விடுவதா, இந்த மாதிரி டிவிப் பெட்டியில், அதாவது கன்சோலில், ஆடுகிறவர்களுக்கு மட்டும் எளிதாக்குவதா என்று முடிவு செய்யப் போகிறார்கள், எளிதாக்கினால் நீ இரண்டு வருஷம் உட்கார்ந்து பேச்சு எழுதிய ஊர்ச்சனம் நூறு பேரையும் எடுத்துவிட்டு வெறும் சண்டையை வைத்துவிடுவார்கள், அதனால் ஆடிப் பார்த்து உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கப்பா என்றாய். இருபத்தெட்டு வருஷமாகக் குவாலிட்டி செக்‌ஷனில் கெட்ட பீஸுக்குக் கையெழுத்துப் போடாதவன் நான். உன் ஆட்டத்துக்கும் அதே சட்டம்தான்.

இந்த வாரம் திங்கட்கிழமை ஆட்டத்தில் என் வீரனை ஆற்றங்கரையில் குதிரைமேல் உட்கார வைத்துவிட்டு எழுந்தேன். மறுநாள் ஷிப்ட் முடித்து வந்து பார்த்தால் குதிரையைக் காணோம், மாட்டுக் கொட்டகையில் நிற்கிறான். கையில் கத்திக்குப் பதில் பால் சொம்பு. சரி, ஏதோ பட்டனை மாத்தி அமுக்கிட்டோம்னு நெனச்சு விட்டுட்டேன். புதன்கிழமை பார்த்தால் பதினேழு கோழி. நான் ஒரு முட்டைகூட வாங்கலை சாமி. நேற்று என்னடான்னா, நாலு நாளா நான் துரத்திக்கிட்டிருந்த எதிரிப் படைத்தலைவன் வாசலுக்கு வந்து, "அண்ணே, உங்க வீட்டு மோர் நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டுப் போறான். நான் டிவி ஸ்விட்சை அமுக்கிட்டு எழுந்துட்டேன். நாம எடுக்கிற முடிவுக்குத் தகுந்தபடி ஊரே மாறும்னு சொன்னியே, நான் எந்த முடிவும் எடுக்கலையே கண்ணு. கோளாறு வந்தால் கம்பெனியில் செய்வது போல ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு நோட்டில் எழுதியும் பார்த்தேன், ஐந்தாவது ஏனுக்கும் பதில் இல்லை. லைனில் என்னோடு நிற்கும் மன்சூரைக் கேட்டால், "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஆடறவங்களுக்குத்தாண்ணா. டிவி ரிமோட் புடிச்ச கைக்கு ஆகாது"ங்கறான்.

ஆகவே மனசு அடித்துக்கொண்டாலும் எழுதுகிறேன்: கன்சோல்காரர்களுக்கு இதை எளிதாக்கத்தான் வேண்டும். உன் நூறு பேரும் போய்விடுவார்களே என்று நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் உனக்கும் உன் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
திம்மராயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஏங்க, அந்தக் குதிரைய வித்தது நாந்தாங்க" என்றாள். காலையில் நான் கம்பெனி பஸ் ஏறியதும் அவள் டிவி முன் உட்கார்ந்து என் வீரனை எடுத்து ஆடுவாளாம். "நீங்க யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசறதில்ல, பாத்ததும் கத்திய உருவறீங்க. அந்த ஆட்டத்து ஊர்ல தச்சன் பொண்டாட்டி மாசமா இருக்கா, ஒரு வாய் பாலுக்கு வழியில்ல. அதான் மாடு வாங்குனன்." நூறு பேரோடும் பேசி, கத்தியே எடுக்காமல், இன்று காலை போரையும் முடித்துவிட்டாளாம். மேலே எழுதியது முழுவதும் ரிஜெக்ட். மெஷின் சரி, ஆபரேட்டர்தான் தப்பு. எதையும் எளிதாக்க வேண்டாம். என் கையெழுத்தை அடித்துவிட்டேன், அம்மா போடுகிறாள்.

மாதேஸ்வரி. சுவாதி, தச்சன் பொண்டாட்டிக்குக் கொழந்த பொறக்கறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருச்சு. என்ன கொழந்தன்னு சேத்து எழுதுடி.